ஏறி இறங்கிய பெஞ்சு

என் மகன் வேலை பார்க்கிற ஆபீசில் மேஜைகளெல்லாம் ஏறி இறங்குமாம். ஒரு பொத்தானை அழுத்தினால் நின்றபடி வேலை செய்கிற உயரத்துக்கு வருமாம். இன்னொன்றை அழுத்தினால் உட்காருகிற உயரத்துக்கு இறங்குமாம். போன மாதம் அதைப் படம் பிடித்து அனுப்பி, "பாத்தியாம்மா அதிசயத்தை?" என்று கேட்டிருந்தான். பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்று முழுக்க வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மருமகள் பிரஷர் மாத்திரை எடுத்து வந்து கொடுத்தாள்.

நீங்கள் என் வயதுக்காரர்கள். பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது, மீதிப் பேருக்குக் காது போய்விட்டது. உங்களிடம் சொன்னால் மாத்திரை கொடுக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். அந்த அதிசயத்தை நான் பாவாடை கட்டிய வயதிலேயே பார்த்துவிட்டேன். திருத்தணியில், எங்கள் வீட்டு முன்கொட்டகையில், எங்கள் நைனா செய்தார். பொத்தானெல்லாம் இல்லை. ஒரு லாரி ஜாக்கி இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில், குளத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்து. அதில் எங்கள் வீடு. முன்னால் தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. பின்னால் ஒரு அறை, ஒரு அடுப்படி. நைனா தச்சு வேலை செய்பவர். மற்ற மாதங்களில் கதவு, ஜன்னல், கட்டில் என்று வந்ததைச் செய்வார். ஆனி பிறந்துவிட்டால் காவடி மட்டும்தான். ஆடிக் கிருத்திகைக்கு நம் ஊர் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டைத் தலையில் சந்தனம், சாமந்தி வாசனை, வியர்வை வாசனை, பால் குடத்தில் மொய்க்கிற ஈ, நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்து தெலுங்கில் அரோகரா போடுகிற கூட்டம். அந்தக் கூட்டத்தின் தோளில் ஏறுகிற காவடிகளில் சில எங்கள் கொட்டகையில் பிறந்தவை.

காவடி வேலையில் எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தக் காலத்துத் தச்சர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று பார்த்திருப்பீர்கள். தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இழைப்பார்கள். கால் அவர்களுக்கு மூன்றாவது கை. ஆனால் காவடி மரத்தின் மேல் கால் படக் கூடாது. சாமிக்கு நேர்ந்து தோளில் ஏறப்போகிற மரத்தை மிதிப்பதா? அதனால் காவடிக்கென்று நைனா ஒரு பெஞ்சு வைத்திருந்தார். மரத்தை அதன் மேல் போட்டு, ஆப்பு அடித்து இறுக்கி, நின்றுகொண்டு செய்வார். நைனா நல்ல உயரம். பெஞ்சும் அவர் இடுப்புக்கு இருக்கும்.

நைனா செய்கிற காவடி உறுதியானது. மலை ஏறி இறங்கினாலும் ஒரு மூட்டு அசையாது. ஆனால் இரண்டு பக்கப் பலகையிலும் மயில் செதுக்க வேண்டும் இல்லையா, அந்த மயில்தான் கோழியாகிவிடும். கோழி என்றால் சாதாரணக் கோழி இல்லை, அடைக்கு உட்கார்ந்த கோழி. வாங்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். முருகன் கோழி மேல் வருவானா என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மயில் வந்தது அக்காவின் கையில்.

அக்கா எனக்கு மூத்தவள், அப்போது தாவணி போட்டுவிட்டாள். குழந்தையில் வந்த ஒரு ஜுரத்தில் அவளுக்கு இரண்டு காலும் சூம்பிப் போயின. நிற்க முடியாது. கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து வருவாள். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக யாரும் முன்வராததால் போகவில்லை. வீட்டில் அரிசி பொறுக்கினாள், பூ கட்டினாள், கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து நைனா வேலை செய்வதைப் பார்த்தாள். ஒருநாள், நைனா வேண்டாமென்று போட்ட துண்டு மரத்தில் ஒரு மயில் செதுக்கி வைத்திருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கழுத்து ஒரு பக்கம் திரும்பி, யாரோ பின்னால் கூப்பிட்டது போல இருக்கும். நைனா அதைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரு செஞ்சதுடி?" என்றார். "நான்தான்" என்றாள். நைனா பீடி வாங்கப் போய்விட்டார்.

துண்டு மரம் வேறு, காவடிப் பலகை வேறு. காவடிப் பலகையைத் தரையில் வைத்துச் செதுக்கினால் அவளுடைய கால் படாமல் இருக்காது. அந்தக் கால்களை எங்கே கொண்டு போய் வைப்பாள்? பெஞ்சோ அவளுக்கு எட்டாத உயரம். பெஞ்சின் காலை அறுத்துக் குட்டையாக்கினால் நைனா செய்ய முடியாது. இரண்டு பெஞ்சு போடக் கொட்டகையில் இடம் இல்லை. நைனா சில நாள் அந்தப் பெஞ்சையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கனகம்மாசத்திரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே ரோட்டோரம் லாரி பட்டறை வைத்திருந்த மாமா ஒருவர் இருந்தார். உறவில்லை, நைனாவின் சிநேகிதர். அவரிடமிருந்து ஒரு பழைய ஜாக்கியைக் கோணிப் பையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். கிரீஸ் வாசனை வீடு முழுக்க அடித்தது. கூடவே கைத்தடி நீளத்துக்கு இரும்புக் கம்பிகள்.

"இன்னாத்துக்கு இது? லாரி வாங்கப் போறியா?" என்று அம்மா கேட்டாள்.

"முதுகு வலிக்குதுடி. சில வேளை குந்திகினு செய்யலாம்னு."

தெருவுக்கும் அதையேதான் சொன்னார். முதுகு வலி. எங்கள் நைனாவுக்கு முதுகு வலி வந்து நான் பார்த்ததே இல்லை.

வேல மரத்தில் நாலு கால் செய்தார். நாலும் உள்ளே பொள்ளலான பெட்டிக் கால்கள். பெஞ்சின் பலகையோடு சேர்ந்த இன்னொரு நாலு கால் அந்தப் பெட்டிகளுக்குள் இறங்கி ஏறும். இரண்டையும் சேர்த்துத் துளை போட்டு, வேண்டிய உயரத்தில் இரும்புக் கம்பியைச் செருகினால் நிற்கும். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். அதற்கு அடியில் ஜாக்கி. சொல்லும்போது எளிதாக இருக்கிறது. முதலில் ஏற்றியபோது ஒரு பக்கம் ஏறியது, மறு பக்கம் ஏறாமல் பிடித்துக்கொண்டது. நைனா கொட்டாப்புளியால் ஒரு போடு போட்டார். மொத்தமும் தடாலென்று இறங்கியது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, "வூடு இடிஞ்சிதா?" என்றாள். பிறகு மழை ஒன்று பெய்தது, கால்கள் ஊறி உப்பிக்கொண்டு அசையவே மறுத்தன. நைனா எல்லாவற்றையும் பிரித்து, உள்கால்களை இன்னும் கொஞ்சம் இழைத்து, மெழுகுவத்தி வாங்கி வந்து தேய்த்தார். எனக்கு மெழுகு தேய்க்கிற வேலை பிடித்திருந்தது. அந்த வழவழப்பு இப்போதும் விரலில் இருக்கிறது.

ஜாக்கி ஒரே ஏற்றில் முழு உயரத்துக்கு வராது. பாதி ஏற்றி, கம்பி செருகி நிறுத்தி, ஜாக்கிக்கு அடியில் கட்டை கொடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். குனிந்து குனிந்து செய்ய நைனாவுக்கு மூச்சு வாங்கியது. அக்கா நகர்ந்து வந்தாள். "தள்ளு நைனா" என்றாள். அவள் கீழேயே இருப்பவள், குனிய வேண்டியதில்லை. ஜாக்கியின் தண்டை வாங்கிச் சுற்றினாள். நகர்ந்து நகர்ந்து வலுத்த தோள் அவளுக்கு. பெஞ்சு மெல்ல மெல்ல மேலே ஏறியது. அவள் தலைக்கு மேல் ஏறிப் போனது. பிறந்ததிலிருந்து மற்றவர்கள் தூக்கி வைத்த இடத்தில் இருந்தவள், தன்னை விடப் பெரிய ஒன்றைத் தூக்கி நிறுத்திவிட்டாள். அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நைனாவும் சிரித்தார். அந்த மனிதரை நான் பிறகு எவ்வளவோ வெறுத்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு பொழுதுக்காக அவரை முழுசாக வெறுக்க முடியாமல் போய்விட்டது. அதுவும் எனக்குக் கோபம்தான்.

அந்த ஆனி மாதம் முழுக்கப் பெஞ்சு ஏறி இறங்கியது. காலையில் நைனாவின் உயரத்தில் நிற்கும். அவர் தண்டு இழைப்பார், வளைவு பூட்டுவார். வெயில் ஏறிச் சந்து அடங்கிய பிறகு அக்கா அதை இறக்கிக்கொள்வாள். காலை மடித்துப் பெஞ்சுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, உளி பிடிப்பாள். கொட்டகை முன்னால் கோணிப் படுதா தொங்கும். யாராவது வந்தால் உள்ளே நகர்ந்துவிட வேண்டும். கேட்டால், "ஒரு ஆளு வந்து மயிலு மட்டும் செஞ்சிட்டுப் போறான்" என்பார் நைனா. பெண் உளி பிடிக்கிறாள் என்றால் தெரு சிரிக்கும். காவடிப் பலகையில் பிடிக்கிறாள் என்றால் சிரிக்காது, வேறு ஏதாவது செய்யும்.

சுத்தத்தில் குறை வைத்தோம் என்று நினைக்காதீர்கள். மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் அக்கா கொட்டகைப் பக்கமே வர மாட்டாள். கறி, மீன் வீட்டுக்குள் வராது. குளிக்காமல் உளியைத் தொட மாட்டாள். நைனா வாயில் பீடியோடு காவடித் தண்டை இழைப்பார். அவளோ வேலை செய்யும்போது தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் காவடி சொல்லியிருந்தார். வீட்டில் சில தறி வைத்து லுங்கி நெய்கிறவர். அவருடைய ஒரே மகன் விஷ ஜுரத்தில் படுத்து, பிழைக்க மாட்டான் என்று சொல்லி, பிழைத்துக்கொண்டவன். அவனுக்காக நேர்ந்த காவடி. இன்ன நாள் வாருங்கள் என்று நைனா சொல்லியிருந்தார். மனிதர் ஆசை தாங்காமல் முன்னாலேயே, நல்ல மத்தியானத்தில் வந்து நின்றார். நைனா டீக்கடைக்குப் போயிருந்தார். தறிக்காரர் படுதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அக்கா கையை ஊன்றி வேகவேகமாக அறைக்குள் நகர்ந்துகொண்டிருந்தாள். எவ்வளவு வேகமாக நகர முடியும் அவளால்? அவர் பார்த்துவிட்டார். நைனா ஓடி வந்தபோது அவர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது முழங்கால் உயரத்தில் இருந்தது. மேலே, மயில் செதுக்கி முடிந்த அவருடைய காவடிப் பலகை.

"இன்னாய்யா இது, பெஞ்சு இவ்ளோ கீழ கீது? யாரு குந்திகினு செஞ்சது?"

"நான்தாங்க. முதுகு வலி."

"உனுக்கு முதுகு வலின்னா பொண்ணு பாவாடையில மரச் சுருளு ஏன்யா ஒட்டிகினு கீது?"

அந்த மனிதர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நைனாவும் கத்தியிருப்பார். அவர் காவடிப் பலகையைத் தொட்டுக் காட்டினார். "எம் புள்ள உசுரு இதுல கீதுய்யா. நீயும் பொண்ணு பெத்தவன். பொம்பள கை பட்டுச்சா இல்லியா, சொல்லிடு" என்றார். அதற்குள் தெரு கூடிவிட்டது. பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார். "இதுக்கு ஏன் சண்ட? படிக்கட்டாண்ட போயி கற்பூரம் அணைச்சிட்டா தீர்ந்துச்சி."

கற்பூரம் அணைப்பது என்றால் என்னவென்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. சந்நிதியில் கற்பூரம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். சொன்னது பொய்யானால் அது சொன்னவனைத் தொடாது. அவன் பெற்ற பிள்ளைகள் மேல் விழும். போலீஸ் ஸ்டேஷனில் பொய் சொல்கிறவர்கள்கூட அங்கே சொல்ல மாட்டார்கள்.

நானும் கூட்டத்தோடு போனேன். மலைப்படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் கல் சுட்டது. நைனா சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். கற்பூரம் எரிந்தது. அவர் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். "எம் பட்டறையில காவடி மரத்துல பொம்பள கை படறதில்ல. பட்டா எம் ரெண்டு பொண்ணும் எனக்கு இல்ல" என்றார். அடித்து அணைத்தார். தறிக்காரர் நைனாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட்டம் கலைந்தது. பூக்காரம்மா எனக்கு ஒரு முழம் கதம்பம் கொடுத்தாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த வயதில் யோசிக்கிறேன். அந்தக் காவடி போயிருக்கும். அந்த வருஷம் எங்களிடம் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். கஞ்சி குடித்திருப்போம். கஞ்சி நாங்கள் குடிக்காததா? ஆனால் நைனாவுக்கு அப்போது தெருதான் பெரிதாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கையைக் கழுவிய பிறகுதான் சாமி பெரிதாகத் தெரிந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பொய் சத்தியம் பண்ணிட்டு வந்துகிறியே, ரெண்டையும் வாரிக் குடுக்கப் போறியா?"

"பொய் இல்லடி" என்றார் நைனா. "இனிமே அவ கை படாது. படாம இருந்துட்டா அந்தச் சத்தியம் நெசமாயிடும். ஒரு மாசத்துப் பொய்ய ஆண்டவன் பொறுத்துக்குவான்."

இந்தக் கணக்கு எந்த ஊரில் செல்லும்? எங்கள் வீட்டில் செல்லுபடியானது. நைனா பெஞ்சைத் தானே குனிந்து, மூச்சு வாங்க, தன் உயரத்துக்கு ஏற்றினார். கம்பிகளை உருவிவிட்டு, நாலு காலிலும் நீள ஆணி அடித்து இறுக்கினார். ஜாக்கியைக் கோணியில் சுற்றினார். அக்கா அறை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு செஞ்சதுன்னு முருகனுக்குத் தெரியாதா நைனா?"

"தெரியும்டி. அதான் பயம்."

"தெரிஞ்சும் மயில செய்ய வுட்டாரே."

நைனா அவளைப் பார்க்கவில்லை. கோணிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். எங்கள் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் செய்தார். அதை நான் மறுக்கவில்லை. பிள்ளை மேல் ஆசை இல்லாத மனிதன் என்று சொல்லிவிட்டால் எனக்கும் இவ்வளவு கசக்காது.

அதற்குப் பிறகு மரம் என்றாலே அம்மாவுக்குக் கிலி பிடித்துக்கொண்டது. காவடி மரம் மட்டும்தானே தொடக் கூடாது என்று அக்கா கேட்டால், எது எந்த மரத்தின் மிச்சமோ யாருக்குத் தெரியும் என்பாள். துண்டு மரங்களெல்லாம் அடுப்புக்குப் போயின. அந்த முதல் மயிலும் போயிற்று. அக்காவுக்குச் சளி பிடித்தால், சத்தியம் வேலை செய்கிறது என்று அம்மா விளக்கேற்றுவாள். எனக்கு அம்மை போட்டபோது அக்காவை உட்கார வைத்து, "நெசமா சொல்லு, எதுனா தொட்டியா?" என்று கேட்டாள். கடைசியில் அவள் கையில் மர அகப்பையைக்கூடத் தருவதில்லை. அலுமினியக் கரண்டி வாங்கிக் கொடுத்தாள். நீங்கள் சிரிக்கலாம். நானும் சில சமயம் சிரித்திருக்கிறேன்.

அக்கா நெடுங்காலம் இருந்தாள். அவளை யாரும் கட்டிக்கொள்ளவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. அம்மாவுக்குப் பிறகு என் வீட்டில் இருந்தாள். சாமி அவளைத் தண்டிக்கவே இல்லை. தண்டிக்கிற வேலையை முன்னாலேயே முடித்துவிட்டார்கள் என்று பார்த்துப் போய்விட்டார் போலிருக்கிறது. மரப் பொருள் எதையும் அவள் கடைசி வரை தொடவில்லை. நான் எடுத்துக் கொடுத்தபோதும் தொடவில்லை. விரல்கள் மடங்கிப் போன பிறகு, "இப்போ தொட்டு இன்னா ஆகப் போவுது" என்றாள்.

சொல்ல வந்ததே வேறு. மறு வருஷம் ஆனியில் அந்தத் தறிக்காரர் திரும்பி வந்தார். பெரிய வாழைத்தாரும் ஒரு லுங்கியும் கொண்டு வந்திருந்தார். மகனையும் கூட்டி வந்திருந்தார். பையன் கொழுகொழுவென்று இருந்தான். மலைக்குப் போன காவடிகளில் தன்னுடையதைத்தான் எல்லோரும் நின்று பார்த்தார்கள் என்றார். சந்நிதியில் அர்ச்சகர்கூட அந்த மயிலைத் தொட்டுப் பார்த்தாராம். இந்த வருஷம் தம்பி மகனுக்கும் ஒன்று வேண்டும், அதே மயில் வேண்டும். நைனா செதுக்கி வைத்திருந்த ஒரு பலகையை எடுத்துக் காட்டினார். தறிக்காரர் முகம் கோணியது.

"இது இன்னாங்க, கோழி மாதிரி கீது. மயிலுக்குன்னு தனியா ஒரு ஆளு வருவாராமே, போன வருஷம் செஞ்ச அந்த ஆளையே இட்டாந்து செய்யச் சொல்லுங்க. அந்தக் கை வேணும் எனக்கு."

"அந்த ஆளு இல்லீங்க."

"எங்க, மெட்ராஸ் போயிட்டாரா?"

நைனா பெஞ்சின் மேலிருந்த சுருள்களைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். "தவறிட்டாருங்க" என்றார்.

"அடடா. ஆண்டவன் குடுத்த கையாச்சே. வயசானவரா?"

"இல்லீங்க. சின்ன வயசு."

தறிக்காரர் இரண்டு கையையும் கூப்பி மலைப் பக்கம் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அந்த நல்ல மனிதர் கண்ணில் தண்ணீர் வந்தது. வாழைத்தாரை வைத்துவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே அக்கா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா அடுப்படியில். எல்லாம் எங்களுக்குக் கேட்டது. அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏய், தண்ணி காய வைடி" என்றாள் என்னிடம்.

"எதுக்குக்கா?"

"சாவு சொல்லிட்டாங்க இல்ல. வூட்டுல எல்லாரும் தலைக்கு ஊத்திக்கணும்."

அம்மா எழுந்து ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினாள். அக்கா அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள். வெளியே நைனா மறுபடி தொடங்கியிருந்த இழைப்புளிச் சத்தம் நின்றது.

"நைனாவ மொதல்ல ஊத்திக்கச் சொல்லு" என்றாள். "கொள்ளி வெச்சவரு அவருதானே."